ஒட்டுண்ணி என்று முதலில் அழைக்கப்பட்டது மனிதனா, புழுவா?

‘பாரசைட்’ என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது, அங்கே அதற்குப் ‘பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன்’ என்று பொருள். அப்படியானால் நம் ‘ஒட்டுண்ணி’ அதைப் பார்த்துப் போட்ட மொழிபெயர்ப்பா, மற்ற மொழிக்காரர்களும் அதைத்தான் பெயர்த்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இந்தப் பெயரை முதலில் யாருக்கு வைத்தார்கள், மனிதனுக்கா பூச்சிக்கா? அது தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாகப் பிடிபடும். ஐரோப்பாவிலும் அரபியிலும் பெரும்பாலும் முதலில் மனிதன், பிறகுதான் பூச்சி. தமிழின் ஒட்டுண்ணியில் முதலில் பூச்சி, பிறகு மனிதன். ஆசிய மொழிகள் பலவற்றில் இரண்டும் இல்லை. மரக்கிளையில் முளைத்த ஒரு செடிதான் முதல்.

கிரேக்கத்திலிருந்து தொடங்குவோம். ‘பரா’ என்றால் அருகே. ‘ஸிதோஸ்’ என்றால் தானியம், அதிலிருந்து உணவு. இரண்டும் சேர்ந்து ‘பரஸிதோஸ்’. இதில் ஐயம் எதுவும் இல்லை. பலருக்குத் தெரியாதது, தொடக்கத்தில் இது வசைச்சொல் அல்ல என்பது. கோயில் பூசாரியோடு சேர்ந்து சடங்கு விருந்து உண்ணத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பெயர் இருந்தது. ஏதென்ஸின் கைனோசார்ஜஸ் என்ற இடத்தில் இருந்த ஹெராக்ளிஸ் கோயிலில் மாதந்தோறும் பூசாரி பலியிடும்போது பரஸிதோஸ்கள் உடனிருக்க வேண்டும் என்று ஒரு கல்வெட்டு சொன்னதாக கிரேக்க எழுத்தாளர் அதெனேயஸ் எழுதி வைத்திருக்கிறார். ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோனைப் பற்றி பழைய வரலாற்றாசிரியர் பிளூட்டார்க் தரும் செய்தி இன்னும் வேடிக்கையானது. அரசுச் செலவில் பொது மண்டபத்தில் உண்பதற்குச் சோலோன் வைத்த பெயரே ‘பரஸிதெயின்’. ஒரே ஆள் அடிக்கடி வந்து உண்ணக் கூடாது. முறை வந்தவன் வராமல் இருந்தாலும் தண்டனை. அதாவது கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாரசைட்டாக இருக்க மறுப்பதுதான் குற்றம்.

அந்த மரியாதையைக் குலைத்தது நாடக மேடை. அழைக்காத விருந்துக்குப் போய், வீட்டுக்காரனைப் புகழ்ந்து, நகைச்சுவை சொல்லி வயிற்றைக் கழுவும் பாத்திரத்துக்கு கி.மு. 4ஆம் நூற்றாண்டு கிரேக்க நகைச்சுவை நாடகங்கள் இந்தப் பெயரைச் சூட்டின. முதலில் சூட்டியவர் அலெக்சிஸ் என்ற நாடகாசிரியர் என்று பழங்காலத்திலேயே ஒரு கருத்து உண்டு. ஆனால் அதைப் பற்றி அப்போதே வாதம் நடந்திருக்கிறது, அதனால் அதை உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரோமில் நாடகாசிரியர் பிளாட்டஸ் இந்தப் பாத்திரத்தை இன்னும் கொழுக்க வைத்தார். அவருடைய பாத்திரங்களின் பெயர்களே போதும்: ஒருவன் ‘பெனிகுலஸ்’, சின்னத் துடைப்பம், ஏனென்றால் மேசையை வழித்துத் துடைத்துவிடுவான், இன்னொருவன் ‘அர்தோத்ரோகஸ்’, ரொட்டி கொறிப்பவன், மற்றொருவன் ‘குர்குலியோ’, தானியத்தைத் துளைக்கும் கூன்வண்டு. மனிதனுக்குப் பூச்சியின் பெயர் அப்போதே வந்துவிட்டதைக் கவனியுங்கள். நம் வீட்டு அரிசியில் நெளியும் கூன்வண்டுக்கு அறிவியல் வைத்த பேரினப் பெயர் ‘சைட்டோஃபிலஸ்’. ‘தானியப் பிரியன்’ என்று பொருள். பாரசைட்டில் இருக்கும் அதே ஸிதோஸ்தான் இதிலும்.

மனிதனிடமிருந்து இந்தப் பெயர் உயிரினங்களுக்குப் போனது மிகவும் பிந்தித்தான். ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டில் நுழைந்தபோதும் அது ‘அடிவருடி’, ‘ஓசிச் சாப்பாட்டுக்காரன்’ என்ற பொருளில்தான் இருந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மரங்களின்மேல் வளரும் செடிகளுக்கும், அடுத்து விலங்குகளுக்கும் ஏறியது. 19ஆம் நூற்றாண்டில் உயிரியல் இதற்குத் துணையாக இன்னும் சில சொற்களைக் கொண்டுவந்தது, அவையும் பந்தியிலிருந்தே. பெல்ஜிய விலங்கியலாளர் வான் பெனெடன் 1875இல் விலங்குலகின் பாரசைட்டுகளையும் ‘கொமென்சல்’களையும் பற்றி ஒரு நூலே எழுதினார். கொமென்சல் என்றால் ஒரே மேசையில் உண்பவர். இடம் கொடுக்கும் உயிருக்கு ‘ஹோஸ்ட்’, விருந்தளிப்பவர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் கொமென்சல் வாழ்வை ‘ஓரட்டிலுண்ணல்’ என்று பெயர்த்திருக்கின்றன. அட்டில் என்றால் சமையலறை. ஒரே அடுப்படியில் உண்பது. மூலத்தின் பொருளும் மாறாமல், தமிழின் பழஞ்சொல்லும் வீணாகாமல் வந்த பெயர்ப்புகளில் இதை உயரத்தில் வைப்பேன். ஹோஸ்டுக்குத் தமிழ்நாட்டில் ‘விருந்தோம்பி’, இலங்கையில் ‘விருந்து வழங்கி’, இணையத்தில் ‘ஓம்புயிர்’. விருந்தோம்பி என்ற சொல்லில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. வயிற்றில் நாடாப்புழு இருப்பவர் யாரையும் விருந்துக்கு அழைக்கவில்லை. ‘ஓம்புயிர்’ விருந்தை விட்டுவிட்டு ‘பேணும் உயிர்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த வகையில் பரவாயில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘பாரசைட்டில் வரும் பரா, இந்தியில் ஒட்டுண்ணியைக் குறிக்கும் பரஜீவியில் வரும் பர, இரண்டும் ஒன்றுதான், ஆகவே சொல் சமஸ்கிருதத்திலிருந்து போனது’ என்று சிலர் சொல்வார்கள். கிரேக்க பராவுக்கு ‘அருகே’ என்று பொருள். சமஸ்கிருத பரவுக்கு ‘அயல், பிறர்’ என்று பொருள். மிகப் பழைய ஒரு வேரிலிருந்து இரண்டும் கிளைத்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குத் தாய் அல்ல. பின்பாதியான ஸிதோஸுக்கும் ஜீவிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. தாய்லாந்து மொழியில் ‘பரஸித்’ என்று ஒரு சொல் இருக்கிறது. பார்த்தால் சமஸ்கிருதம் போலவே இருக்கும். அது பாரசைட்டின் ஒலியைப் பிடித்து, வடமொழிச் சாயலில் எழுத்துக்கூட்டி அமைத்தது. ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பினால் எங்கே விழுவோம் என்பதற்கு நல்ல பாடம் அது.

அரபியில் ஒட்டுண்ணிக்கு ‘துஃபைலி’. இது ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்தது. கூஃபா நகரத்தில் துஃபைல் என்றொருவர் அழைக்காத கல்யாணத்துக்கெல்லாம் போய் உட்கார்ந்துவிடுவாராம். ‘கல்யாணங்களின் துஃபைல்’ என்றே அவருக்குப் பட்டம். அவர் வழி நடப்பவன் துஃபைலி. அந்த ஆள் உண்மையில் வாழ்ந்தவரா, சொல்லை விளக்கப் பிறந்த கதையா என்பதற்கு அறுதியான சான்று கிடையாது. ஆனால் 11ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் அறிஞர் அல்-கதீப் துஃபைலிகளைப் பற்றி ஒரு தனி நூலே தொகுக்கும் அளவுக்கு அந்த வகை மனிதர் இலக்கியத்தில் புகழ்பெற்றிருந்தார். இன்று மருத்துவக் கல்லூரியில் ஒட்டுண்ணியியல் ‘துஃபைலிகளின் அறிவியல்’ ஆகிவிட்டது. அதே பெயர் உருதுவில் எதிர்த்திசையில் போனதுதான் விந்தை. ‘கே துஃபைல்’ என்றால் ‘அவர் அருளால், அவர் தயவால்’. கல்யாண வீட்டில் ஒருவர் தயவில் இன்னொருவர் உள்ளே நுழைவதை நினைத்தால் இந்தப் பொருள் எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். எபிரேயத்தின் ‘தபீல்’ பற்றி இரண்டு பேச்சு உண்டு. ‘ஒட்டியது, துணையானது’ என்ற எபிரேய வேரிலிருந்து அமைத்தது என்பது ஒன்று. அரபியின் துஃபைலி காதில் விழுந்த பிறகே அந்த வேரைத் தேடி எடுத்தார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்கும் தடையில்லை.

ரஷ்ய மொழி ‘பரஸித்’ என்று கடன் வாங்கியும் இருக்கிறது, சொந்தமாகவும் வைத்திருக்கிறது. ‘நக்லெப்னிக்’ என்றால் பிறர் ரொட்டியின்மேல் இருப்பவன். ‘தர்மயேத்’ என்றால் இலவசமாகத் தின்பவன். ‘துனெயாதெத்ஸ்’ என்றாலும் ஏறக்குறைய அதேதான். கடைசிச் சொல் வழக்கு மன்றம் வரை போனது. 1961இல் சோவியத் ரஷ்யாவில் வேலையில்லாமல் வாழ்பவர்களுக்கு எதிரான ஆணை வந்தது. 1964இல் கவிஞர் ஜோசஃப் பிராட்ஸ்கி அந்தக் குற்றச்சாட்டில்தான் வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பட்டு, நாட்டுக்குள்ளேயே தொலைவிடத்துக்கு ஐந்தாண்டு அனுப்பும் தண்டனைக்கு ஆளாகி, ஒன்றரை ஆண்டு வட ரஷ்யாவில் கழித்தார். இதே மொழியில் பேச்சுக்கு நடுவே ‘வந்து’, ‘அதாவது’ என்று வரும் அசைச்சொற்களுக்கு ‘ஒட்டுண்ணிச் சொற்கள்’ என்று பெயர். நம் மேடைப் பேச்சுக்கும் உதவும்.

மற்ற ஐரோப்பிய மொழிகளில் சொந்தச் சொல் வைத்திருப்பவர்களைப் பார்த்தால், அந்தந்த ஊரில் எந்த மனிதர் தொல்லையாக இருந்தார் என்பது தெரிந்துவிடும். செக் மொழியின் ‘சிசொபஸ்னிக்’, பிறர் நிலத்தில் மேய்பவன். குரோவேசிய ‘நமெத்னிக்’, தன்னைத் திணித்துக்கொள்பவன். ஐஸ்லாந்தில் ‘ஸ்னீக்யுதிர்’, இரந்து பிழைக்கும் விலங்கு. ஜெர்மனின் ‘ஷ்மாரோட்ஸர்’ என்ற சொல்லுக்கும் மூலம் பிச்சையெடுப்பது. சுவீடனில் ‘ஸ்னில்ட்யெஸ்ட்’, ஓசி விருந்தாளி. ஃபின்லாந்தின் ‘லொய்னென்’ இவற்றில் தனியாக நிற்கிறது. சொந்த நிலமும் வீடும் இல்லாமல் பிறர் பண்ணை வீட்டில் ஒண்டியிருந்த ஏழைக் கூலிக்கு அது கிராமத்துப் பெயர். உயிரியல் அந்தப் பெயரை எடுத்துப் புழுவுக்குக் கொடுத்தது. இதில் பந்தி இல்லை, மேசை இல்லை; குடியிருப்பு மட்டும்தான்.

குடியிருப்பைப் பார்த்துப் பெயர் வைத்ததில் சீனமே முன்னோடி. ‘ஜிஷெங்ச்சுங்’ என்பது மூன்று எழுத்து: ‘ஜி’ தங்கவைத்தல், ஒப்படைத்தல், ‘ஷெங்’ வாழ்தல், ‘ச்சுங்’ பூச்சி, புழு. ‘பிறரிடத்தில் தங்கி வாழும் புழு.’ முதலெழுத்தின் தலையில் கூரை வடிவம் இருக்கும். அதே எழுத்தைத்தான் இன்று தபாலில் கடிதம் அனுப்புவதற்கும் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானில் ‘கிசேய்ச்சூ’, கொரியாவில் ‘கிசெங்ச்சுங்’, வியட்நாமில் ‘கீ ஸிங் சுங்’, நான்கும் ஒரே எழுத்துகளின் நான்கு உச்சரிப்புகள். கொரிய மொழி படிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறு உண்டு. பழைய கொரிய அரசவையில் ஆடிப் பாடிய பெண்களுக்கும் ‘கிசெங்’ என்றுதான் பெயர், ஆகவே ஒட்டுண்ணி என்ற சொல் அவர்களிடமிருந்து வந்தது என்பார்கள். ஒலிதான் ஒன்று, முதல் சீன எழுத்து வேறு, பொருளும் வேறு. நம் ‘அரை’ பாதியையும் இடுப்பையும் குறிப்பது போல.

இந்த ‘ஜிஷெங்’ முதலில் ஒட்டியிருந்தது புழுவோடு அல்ல. சீனாவின் மிகப் பழைய மருந்து நூலில் மல்பெரி மரத்தின்மேல் வளரும் புல்லுருவிக்கு இந்தப் பெயர் வருகிறது. ஆசிய மொழிகள் பல மரத்தில் முளைக்கும் செடியிலிருந்துதான் தொடங்குகின்றன என்று முன்பு சொன்னதற்குக் காரணம் இது. மலாய் ‘பெனாலு’, மராத்தி ‘பாண்ட்குள்’, மலையாளம் ‘இத்திள்க்கண்ணி’, வங்காளம் ‘பரகாச்சா’: எல்லாம் மரத்தில் முளைக்கும் செடியின் பெயர்கள், எல்லாவற்றாலும் பிறரை அண்டி வாழும் ஆளைத் திட்டலாம். தெலுங்கில் ‘பதனிக’, கன்னடத்தில் ‘பதனிகெ’, சிங்களத்தில் ‘பிளில’ என்று அதே செடிக்குத் தனிப் பெயர்கள் இருக்கின்றன. தாய்லாந்துக்காரர்களின் ‘காஃபாக்’ என்பதை மட்டும் பிரித்துக் காட்டாமல் இருக்க முடியவில்லை. ‘கா’ காக்கை, ‘ஃபாக்’ கொடுத்து வைத்தல். காக்கை கொடுத்து வைத்துப் போனது. செடி அங்கே எப்படி வந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. பறவையின் அடையாளம் மட்டும்தான் கொஞ்சம் பிசகு. நம் பக்கம் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது மிகச் சிறிய பூங்கொத்திக் குருவி. பழத்தைத் தின்றபின் அதன் விதை பிசினோடு வெளிவரும். குருவி அதைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். பிசின் காய்ந்து விதையைப் பட்டையோடு பிடித்துக்கொள்ளும்.

தமிழில் இந்தச் செடிக்கு இரண்டு பெயர்கள் முக்கியம். ஒன்று ‘புல்லுருவி’, மற்றொன்று இலங்கையில் பரவலாக வழங்கும் ‘குருவிச்சை’. குருவிச்சையில் குருவி இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. பின்பாதி ‘இச்சை’யா, ‘எச்ச’த்தின் சிதைவா என்பது தீராத பேச்சு. புல்லுருவியைப் ‘புல்லுதல்’, அதாவது தழுவுதல், ‘உருவுதல்’, அதாவது ஊடுருவுதல், என்று பிரித்தால் அந்தச் செடி செய்வதை அப்படியே சொன்னதாக ஆகும்: வெளியே தழுவுகிறது, உள்ளே துளைக்கிறது. அழகான விளக்கம்தான். ஆனால் சொல்லின் வரலாறு இப்படித்தான் என்று நிறுவும் சான்று இல்லாதவரை இதை அழகான ஊகம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

சமஸ்கிருதத்தை ஒட்டிய சொற்கள் இந்திய மொழிகளில் ஏராளம், இவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம். இந்தியில் ‘பரஜீவி’, பிறரால் வாழ்வது. தெலுங்கில் ‘பரான்னஜீவி’, பிறர் சோற்றில் வாழ்வது. கிரேக்கத்துக்கு மிக அருகில் வருவது இதுதான். மலையாளத்தில் ‘பராதம்’, பிறரைத் தின்பது. சிங்களத்தில் ‘பரபோஷித’, பிறரால் போற்றி வளர்க்கப்படுவது. கடைசிச் சொல்லின் உறவுக்காரர் ஒருவர் நமக்குப் பழக்கமானவர். சமஸ்கிருதத்தில் குயிலுக்குப் ‘பரபிருத’, ‘பரபுஷ்ட’ என்று பெயர், பிறரால் வளர்க்கப்பட்டது என்று பொருள். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதைக் கவனித்தவர்கள் வைத்த பெயர். காளிதாசனின் சகுந்தலை நாடகத்தில் துஷ்யந்தன் சபையில் அவளை இழிவுபடுத்த எடுப்பதும் இந்தக் குயிலைத்தான்: பெண் குயில் தன் குஞ்சுகளைப் பிற பறவைகளைக் கொண்டு வளர்த்துக்கொள்ளும் என்று. பெயர் பழையது, அதை வசையாக்கும் பழக்கமும் பழையது.

இனி உங்கள் கேள்வியின் மையம். ஒட்டுண்ணி கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்பு அல்ல. பெயர்த்திருந்தால் ‘அருகுண்ணி’ என்றோ ‘பக்கச்சோறன்’ என்றோ வந்திருக்கும். ‘ஒட்டு’ என்பதற்கு இணையாக கிரேக்கத்தில் எதுவும் இல்லை. பாரசைட் என்ற பொருளுக்குத் தமிழிலேயே தேடி எடுத்த பெயர் இது. 20ஆம் நூற்றாண்டில் அறிவியல் பாடங்கள் தமிழில் வந்தபோது கலைச்சொல்லாக நிலைபெற்றது என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் பின்பாதியான ‘உண்ணி’, கால்நடையின் தோலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் பூச்சிக்கு, ஆட்டையும் மாட்டையும் கட்டி மேய்த்தவர்கள் வைத்த பழைய சொல். மலையாளத்திலும் ‘பட்டுண்ணி’ என்று இருக்கிறது. உண் என்ற வினையோடு இகரம் சேர்ந்தால் ‘உண்பது’. ஊனுண்ணி, அனைத்துண்ணி என்றெல்லாம் சொல்லும் அதே ஆக்கம். ஆகவே ஒட்டுண்ணியை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்: ‘ஒட்டி உண்பது’ அல்லது ‘ஒட்டும் உண்ணி’. பாடநூல் முதலாவதை நினைக்கிறது. மாடு வளர்ப்பவர் காதில் இரண்டாவதுதான் விழும். ஏனென்றால் உண்ணி வெறுமனே உட்கார்ந்து குடிப்பதில்லை. அதன் வாயுறுப்பில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு, பல வகை உண்ணிகள் பிசின் போன்ற ஒன்றைச் சுரந்து தோலோடு தம்மை ஒட்டிக்கொள்ளும், நாள்கணக்கில் தொங்கும். பிடுங்கினால் உடல் கையோடு வந்து வாய் தோலுக்குள்ளேயே நிற்பது அதனால்தான். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுப்பதே முறை. தீக்குச்சியால் சுடுவது உதவாது.

மேயும் மாட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்க, சில சமயம் அந்த உண்ணியையும் கொத்த, பின்னாலேயே வரும் கொக்குக்கு நாம் வைத்த பெயர் ‘உண்ணிக்கொக்கு’. ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியிலும் உண்ணிக்கு ‘கூப்பே’ என்று ஒரு சொல் உண்டு. தான்சானியாவில் உழைக்காமல் பிறர் உழைப்பை உறிஞ்சுபவர்களை அரசியல் மேடைகளில் அந்தப் பெயரால் திட்டினார்கள். அங்கே ‘சுரண்டல்’ என்பதற்கான சொல்லே ‘உறிஞ்சுதல்’ என்பதிலிருந்து வந்தது. மாடு மேய்ப்பவர்கள் எங்கே இருந்தாலும் பார்ப்பது ஒரே பூச்சியைத்தான்.

பூச்சியிலிருந்து பிறந்ததால் ஒட்டுண்ணிக்கு ஒரு குறையும் உண்டு: ஒட்டாத ஒட்டுண்ணிகளுக்கு அது இடறுகிறது. குயில் எதிலும் ஒட்டுவதில்லை. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் சிவப்பணுவுக்குள்ளேயே குடியிருக்கிறது. அதனால் அக ஒட்டுண்ணி, புற ஒட்டுண்ணி என்று அடைமொழி சேர்க்க வேண்டியிருக்கிறது. சேர்த்துவிட்டால் சிக்கல் இல்லை. எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் வேறு. ‘மலேரியா கிருமி’ என்பது பேச்சுக்குச் சரி. கட்டுரையில் அப்படி எழுதினால் பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி மூன்றும் ஒரே மூட்டைக்குள் போய்விடும். மூன்றுக்கும் மருந்து வேறு. கிருமி என்ற சொல்லே வடமொழியில் புழுவைக் குறித்தது. தமிழில் கண்ணுக்குத் தெரியாததற்கு நகர்ந்துவிட்டது. வயிற்றில் இருப்பதைக் ‘குடற்புழு’ என்றே எழுதுங்கள். நாடாப்புழு, கொக்கிப்புழு, கீரிப்பூச்சி என்று தெரிந்தால் இன்னும் நல்லது. ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று செய்தித்தாள்கள் எழுதும் ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது மாட்டு உண்ணி அல்ல. புதர்களில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணியின் இளம்பருவம். நோயை உண்டாக்குவது அதன் உடலில் இருக்கும் பாக்டீரியா. பெயரை நம்பி நாயின் காதில் உண்ணியைத் தேடிக்கொண்டிருந்தால் காரணம் கிடைக்காது. ‘சாறுண்ணி’யும் அப்படித்தான்: பாடநூலில் அது மட்கிய பொருளில் வாழும் காளான் போன்றது, வயலில் இலைச்சாற்றை உறிஞ்சும் அசுவினி அல்ல. ‘மட்குண்ணி’ என்று எழுதினால் குழப்பமே வராது.

செடிகளில் இன்னும் கவனம் தேவை. மரத்தின்மேல் ஏறியிருக்கும் ஆர்க்கிட் ஒட்டுண்ணி அல்ல. அது தொற்றுத் தாவரம், மரத்தை இருக்கையாக மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. புல்லுருவி பாதி ஒட்டுண்ணி: பச்சை இலையில் தன் உணவைத் தானே சமைத்துக்கொண்டு, நீரையும் உப்புகளையும் மட்டும் மரத்திடம் உறிஞ்சும். மாமரத்தில் அதை ஒடித்துப் போட்டால் மறுபடி துளிர்ப்பது, உறிஞ்சு வேர் பட்டைக்கு உள்ளேயே தங்கிவிடுவதால். ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே கிளையோடு வெட்ட வேண்டும், அதுவும் பழுப்பதற்கு முன். இலையே இல்லாத மஞ்சள் நூல் போன்ற ‘அம்மையார் கூந்தல்’ ஏறக்குறைய முழு ஒட்டுண்ணி. புகையிலை வேரிலிருந்து உறிஞ்சும் ‘புகையிலைக் காளான்’ பெயரில் காளான். உண்மையில் பூக்கும் செடி. சோளத்திலும் கரும்பிலும் வரும் ‘சுடுமல்லி’ பச்சையாக இருந்தாலும் வேரோடு வேர் சேர்ந்து உறிஞ்சும்; அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும் என்பதால் பூப்பதற்கு முன் பிடுங்கினால்தான் பயன். இதே வேளாண்மையில் ‘ஒட்டுண்ணி’ நல்ல சொல்லாகவும் இருக்கிறது. ‘முட்டை ஒட்டுண்ணி’ என்று உழவர்களுக்குக் காகித அட்டையில் ஒட்டிக் கொடுப்பது டிரைக்கோகிரம்மா என்ற கடுகினும் சிறிய குளவி. பயிர்த் தண்டைத் துளைக்கும் பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதைக் கொன்றுவிடும். ஓம்புயிரைக் கட்டாயம் கொல்லும் இந்த வகைக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டு. தமிழில் இன்னும் ஒரே சொல்லால் சமாளிக்கிறோம். ஆகவே மொழிபெயர்க்கும்போது ‘ஒட்டுண்ணிக் குளவி’ என்று குளவியைச் சேர்த்துவிடுவது பாதுகாப்பு.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைக்கும் பொருள்களைத் தமிழ் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பது என் கணிப்பு. ‘தண்டச்சோறு’, ‘ஓசிச்சோறு’ என்பவை பந்தியைச் சேர்ந்தவை. கோபத்திலும் பாதி சிரிப்பு இருக்கும், அப்பா மகனைத் திட்டலாம். பிளாட்டஸின் பாத்திரங்களுக்குச் சரியான தமிழ் இதுதான், ஒட்டுண்ணி அல்ல. ஓசி என்பது கும்பெனி ஆட்சியில் தபாலில் குத்திய ஆங்கில எழுத்துகளிலிருந்து வந்தது என்பார்கள். பரவலான கதைதான், நிறுவப்பட்டதல்ல. ‘புல்லுருவி’ நம் அரசியல் பேச்சில் தின்பவனிடமிருந்து விலகி, உள்ளே இருந்தே காட்டிக்கொடுப்பவனுக்கு மாறிவிட்டது. மராத்திக்காரரின் பாண்ட்குளை எடுத்துப் புல்லுருவி என்று பெயர்த்தால் சோம்பேறி துரோகியாகிவிடுவான். ‘ஒட்டுண்ணி’தான் மூன்றிலும் கொடியது, ஏனென்றால் அது நேராகப் பூச்சியிலிருந்து வருகிறது, நசுக்கப்பட வேண்டியது என்ற பொருளையும் கூடவே கொண்டுவருகிறது. ஜெர்மனியில் நாஜிகள் யூதர்களை இந்தச் சொல்லால் அழைத்ததற்குப் பிறகு, மனிதக் கூட்டம் ஒன்றைக் குறிக்க அங்கே எச்சரிக்கையுள்ளவர்கள் யாரும் அதை எடுப்பதில்லை. ஒரு குழுவைப் பற்றிய வாக்கியத்தில் மூல ஆசிரியர் அதைத்தான் எழுதியிருக்கிறார் என்றால் மென்மையாக்காமல் அப்படியே பெயர்க்க வேண்டும். அவர் வெறும் ஓசிச் சாப்பாட்டைச் சொல்லியிருந்தால் அதற்கு மேல் ஏற்றக் கூடாது.

பிரெஞ்சிலிருந்து பெயர்க்கிறீர்கள் என்றால் இன்னொன்று. பழைய வானொலிப் பெட்டி பற்றிய குறிப்பில் ‘பரஸித்’ என்று பன்மையில் வந்தால் அங்கே புழுவும் இல்லை, விருந்தாளியும் இல்லை. கரகர என்று வரும் இரைச்சல், அவ்வளவுதான்.